எதுக்கு லீவுன்னு சொல்லணும்

தாயில்பட்டி மாரிசெல்விக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அதில் புருஷனோடு சேர்ந்து குடித்தனம் நடத்தியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷம் தேறாது. செல்லப்பாண்டி பட்டாளத்துக்காரன். தெருவில் மற்ற பெண்கள் நல்லது கெட்டதை வருஷம் சொல்லி நினைவு வைத்திருப்பார்கள். மாரிசெல்விக்கு எல்லாம் லீவுதான். மகள் சினேகா மூன்றாவது லீவில் வயிற்றில் வந்தவள். அடுப்படிக்கு ஓடு மாற்றியது ஏழாவது லீவில்.

எட்டாவது லீவு முடிந்து அவன் போன பிறகு ஒரு பையனும் வந்தான். செத்தே பிறந்தான். செல்லப்பாண்டி அப்போது வடக்கே பனிமலையில் இருந்தான். மாரிசெல்வியின் அண்ணன் கருப்பணன்தான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்தார். அவர்கள் சனத்தில் கைப்பிள்ளை போய்விட்டால் தகப்பன் தூக்க வேண்டும், முதல் பிடி மண் தகப்பன் கையால் விழ வேண்டும். இல்லாவிட்டால் அது அப்பனைத் தேடி அலைந்துவிட்டு மறுபடி அதே வயிற்றுக்கு வரும், அப்பனைப் பார்த்தால்தான் தங்கும் என்பார்கள். மாரிசெல்வி இதை நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நம்பாமல் இருக்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

2005 மாசியில் செல்லப்பாண்டியின் பட்டாலியனை ஐ.நா. படையோடு காங்கோவுக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் ஏதோ காடு. ஒரு வருஷம் இருக்க வேண்டும், நடுவில் ஒரே ஒரு லீவு, ஒரு மாசம். அவன் கப்பலேறினானா பிளேன் ஏறினானா என்று தெரு பேசிக்கொண்டிருந்தபோதே மாரிசெல்விக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஐப்பசிக் கடைசியில் பிரசவம் என்று நர்சம்மா கணக்குச் சொன்னாள். தீபாவளியை ஒட்டி.

முதல் போனிலேயே அவன் சொல்லிவிட்டான்: "ஐப்பசிக்குத்தான் லீவப் போடுவேன். அதுக்கு முன்னால கழுத்தே போனாலும் போட மாட்டேன். இந்தத் தடவ பிள்ளய எங்கையில வாங்குறேன்."

"சாமி சத்தியமா?"

"இருக்கன்குடி ஆத்தா சத்தியமா."

போன் என்றால் எதிர்ச்சாரியில் ஊர்க்காவலன் என்பவர் வைத்திருந்த பலசரக்குக் கடைப் போன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவன் முறை வரும். சாட்டிலைட் போனில் ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம். பாதி நேரம் தன் குரலே தனக்குத் திரும்பி வரும். ஊர்க்காவலன் தெருவுக்கே கேட்கும்படி, "ஏத்தா, காங்கோ!" என்று கத்துவார். மாரிசெல்வி போட்டது போட்டபடி ஓடுவாள். சினேகா அவளுக்கு முன்னால் ஓடுவாள். ஐந்து நிமிஷம் என்பது அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம்.

வயிற்றுப் பிள்ளைக்காரி பட்டாசுக் கம்பெனிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்காதவர் இல்லை. சம்பளத்துக்கு என்று அவள் சொல்ல மாட்டாள். "வீட்டுல உக்காந்தா நெனப்பு என்னயத் தின்னுரும், மதினி" என்பாள். பத்து வயதில் இருந்து போகிறவள். சரம் பின்னுகிற கட்டிடத்தில் வேலை. கை பின்னும், வாய் பேசும், மனசு ஒரு மூலையில் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிற வெள்ளைத்தாய் செல்லப்பாண்டிக்கு மதினி முறை. அந்த வாயை வைத்துக்கொண்டே ஒரு லோடு பட்டாசை வெடித்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில் லீவு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆடி பிறந்தால் சீசன். வடக்கத்தி ஆர்டர் எல்லாம் அப்போதுதான் குவியும். சீசனில் ஞாயிற்றுக்கிழமைகூடக் கம்பெனி உண்டு. அப்பேர்ப்பட்ட நாளில், பட்டப்பகலில், "இன்னைக்குக் கம்பெனி லீவு" என்று யாராவது சொன்னால் கேட்கிறவர் எந்தக் கம்பெனி, எத்தனை பேர் என்றுதான் கேட்பார். வெடித்துவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த கட்டிடமும் கேட்டுக்கொள்ளும் என்று பயம். லீவு என்பார்கள்.

ஆவணி மாசம் ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போர்மேன் ஓடிவந்தார்.

"ஆபீசர் ஜீப்பு நாரணாபுரம் தாண்டிருச்சாம். கட்டிடத்துக்கு நாலு பேரு மட்டும் இருங்க. மிச்ச ஆளுக எந்திரிங்க, எந்திரிங்க. காட்டுக்குள்ள போயி உக்காருங்க, சாயந்திரம் வண்டி வரும்."

ஒரு கட்டிடத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதைச் சோதிக்கத்தான் சர்க்கார் ஆபீசர் வருவார். அன்றைக்கு இருந்தது பதினோரு பேர். மாரிசெல்வி ஏழு மாச வயிற்றைத் தாங்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்தாள்.

"இவ புருஷன் அங்கன காட்டுக்குள்ள, இவ இங்கன காட்டுக்குள்ள" என்றாள் வெள்ளைத்தாய். "பொருத்தம் பாத்த சோசியக்காரன் கையில காப்புப் போடணும்."

சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். ஜீப் போகவே இல்லை. வண்டி வந்து அவர்கள் ஊர் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது.

அதற்குள் போன் வந்து போயிருந்தது. ஊர்க்காவலன் சரக்கு எடுக்க சிவகாசிக்குப் போயிருந்தார். அவர் சம்சாரம் எண்ணெய் அளந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். "நீயே எடுத்துப் பேசு பாப்பா" என்றிருக்கிறாள். சினேகா எடுத்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"அம்மா எங்கத்தா?"

"அம்மா வரலப்பா. கம்பெனி லீவு. வண்டிக்காரத் தாத்தா சொன்னாக. எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிட்டாகளாம்."

அதோடு லைன் போய்விட்டது.

கேட்டவன் தாயில்பட்டியில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் தானும் அப்படி ஒரு லீவு நாளில் காட்டுக்குள் ஓடியவன். ஓடும்போது பின்னால் வந்தவர்களில் யார் நின்றுபோனார்கள் என்று சாயந்திரம்தான் தெரிந்தது. அடுத்த முறைக்குப் பதினைந்து நாள் காத்திருக்க அவனால் முடியுமா? பட்டாளத்து ஆபீசர் காலைப் பிடித்திருக்கிறான். அவர் நல்ல மனுஷர். ஐப்பசிக்கு எழுதி வைத்திருந்த லீவை மறுநாள் காலையில் இருந்து என்று மாற்றி, சாமான் கொண்டுவந்த ஹெலிகாப்டரிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். வழியில் ஒரு ஏர்போர்ட்டில் இருந்து கடைக்குப் போன் அடித்தானாம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. ஊர்க்காவலன் குடும்பத்தோடு சாத்தூரில் ஒரு சாவுக்குக் கேதம் கேட்கப் போய்க் கடையை அடைத்திருந்தார். கடை அடைத்துக் கிடக்கிறதென்றால் ஊரே சாவுத் துட்டியில் இருக்கிறது என்று செல்லப்பாண்டி முடிவு கட்டிவிட்டான்.

டெல்லியில் இறங்கி மறுபடி அடித்தபோது கடைக்குச் சாமான் வாங்க வந்த மாரிசெல்வியே எடுத்தாள்.

"அலோ."

எதிர்ப்பக்கம் ஏதோ இந்தியில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அலோ, யாரு பேசுறது?"

"நீ யாரு பேசுற?"

"நாந்தான். மாரிசெல்வி. என்ன, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது? எங்க இருக்கீக?"

ஆம்பளை அழுகிற சத்தம் போனில் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அழுது முடித்துவிட்டு அவன் கேட்டான்: "அப்ப அது என்ன லீவு?"

சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கடையில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கின லீவை எந்தப் பட்டாளத்திலும் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் கையில் ஒரு பை, ஒரு நீலத் தொப்பி. வேறு எதுவும் எடுக்க நேரம் இல்லை. வெள்ளைத்தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க கொழுந்தனாரே. பொண்டாட்டி செத்துட்டான்னு மாலையோட ஓடியாந்தா, இவ சோறு பொங்கிட்டு உக்காந்திருக்கா. எம்புட்டு ஏமாத்தம்!"

தெரு சிரித்தது. அவனும் சிரித்தான். அந்த மாசம் முழுக்க அவன் சிரித்ததெல்லாம் அந்த மாதிரிதான். எக்ஸ்டென்ஷன் கேட்டுத் தந்தி அடித்தான், பதில் வரவில்லை. நர்சம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய், "ஒரு மாசம் முன்னால பிறக்க வழி இருக்கா?" என்று கேட்டான். அவள் ஏற இறங்கப் பார்த்தாள். சாயந்திரமானால் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே இருப்பது உதைக்கும். "ஏலே, இந்தா இருக்கேன். பாத்துக்க. இது போதாதா ஒனக்கு?" என்பான். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரே ஒரு நாள் சண்டை வந்தது.

"ஒன்னய யாரு காட்டுக்குள்ள ஓடச் சொன்னா?"

"ஒங்கள யாரு ஓடியாரச் சொன்னா? ஒரு வார்த்த, ரெண்டு வார்த்த கேட்டுட்டு வந்திருக்கப்படாதா?"

"லீவுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"அது பச்சப்பிள்ள, அதுக்குத் தெரியுமா?"

மூலையில் இருந்த சினேகா பாடப் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். செல்லப்பாண்டி அவளை மடியில் தூக்கி வைத்தான்.

"ஒம் மேல தப்பில்லத்தா. ஆனா இனிமே அப்பாட்ட லீவுன்னு சொன்னா, எதுக்கு லீவுன்னு சேத்துச் சொல்லணும். மொட்டையாச் சொல்லப்படாது. என்ன?"

"சரிப்பா."

"எங்க, சொல்லு."

"பள்ளிக்கூடம் லீவு. ஞாயித்துக்கிழம லீவு."

"இன்னொண்ணு?"

"கம்பெனி லீவு. ஆபீசர் வந்தாக, அதான் லீவு."

"அம்புட்டுத்தான். கெட்டிக்காரி."

அவன் போகிற வரைக்கும் அப்பனுக்கும் மகளுக்கும் அதுவே விளையாட்டாக இருந்தது. புரட்டாசி பிறந்து பத்தாம் நாள் பஸ் ஏறினான். பஸ் திரும்புகிற வரைக்கும் சினேகா கத்திக்கொண்டிருந்தாள்: "காந்தி பிறந்த நாளு லீவு! சரஸ்வதி பூச லீவு!"

பிரசவம் பதினெட்டு நாள் முந்திக்கொண்டது. காலையில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் வலி கண்டது. கருப்பணன் ஆட்டோ பிடித்துச் சிவகாசிக்குக் கொண்டுபோனார். பையன். அழுதான். அழுததை மாரிசெல்வி கேட்டாள். அதைக் கேட்டதனால்தான் பின்னால் தாங்க முடியவில்லை. மூச்சு இழுத்து விடுவதற்கு அந்த நெஞ்சுக்குப் பலம் போதவில்லை என்றார்கள். டாக்டரம்மா செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். மறுநாள் உச்சிப்பொழுது வரைக்கும் இருந்தான்.

கருப்பணன் மறுபடி துண்டில் சுற்றினார். ஓடைக்கரையில் அதே இடம். முதல் பிடி மண்ணை எடுத்துவிட்டு, "மாப்பிள்ள போட வேண்டிய மண்ணு இது. நான் போடுறேன், என்னய மன்னிச்சிரு சாமி" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயந்திரம் ஊர்க்காவலனும் வந்தார். பெரியவர்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அங்கே இருந்து இனி அவனால் வர முடியாது. இருந்த ஒரு லீவும் போயிற்று. கையில் துப்பாக்கியோடு காட்டில் நிற்கிறவன். இதைச் சொன்னால் என்ன ஆவானோ. மாசியில் வருகிறான். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்கும் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"எப்பிடிண்ணே சொல்லுவேன்?" என்றாள் மாரிசெல்வி.

"சொல்லித்தான் ஆகணும். அவன் ஒருத்தனாச்சும் மிஞ்சணும்ல?"

சரி என்றாள். எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று பாயில் கிடந்தபடி யோசித்துப் பார்த்தாள். என்ன பேர், யார் சாயல், குப்புற விழுந்துவிட்டானா, எச்சில் வடிக்கிறானா. இல்லாத பிள்ளையை மாசி வரைக்கும் போனில் வளர்க்க வேண்டும். பால் கட்டி மார் கல்லாகக் கிடந்தது. சினேகாவிடம் மட்டும், "நீ போன எடுக்காத, என்ன?" என்று சொல்லி வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி கடைசி லோடு ஏறிப் போயிற்று. கம்பெனிகளை எல்லாம் அடைத்தார்கள். சீசன் முடிந்த லீவு. தெரு முழுக்க ஆட்கள். வெள்ளைத்தாய்கூட அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது வாயைத் திறக்காமல் போனாள்.

தீபாவளிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர்க்காவலன் குரல் கேட்டது. "ஏத்தா, காங்கோ!" வழக்கமான சத்தத்தில் பாதிகூட இல்லை.

மாரிசெல்வி சுவரைப் பிடித்து எழுந்தாள். அவளால் ஓட முடியவில்லை. தெருவைக் கடக்கும்போதே பார்த்துவிட்டாள். சினேகா அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா மெதுவாக வருகிறாள். அப்பாவுக்கு ஐந்து நிமிஷம்தான். பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு அது. ரிசீவர் பலகைமேல் கிடந்தது. ஊர்க்காவலன் மாரிசெல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர வெளியே இறங்கியிருந்தார்.

"அப்பா! ... இல்லப்பா, அம்மா கம்பெனிக்குப் போகல. லீவு."

எதிர்ப்பக்கத்தில் அவன் என்ன கேட்டிருப்பான் என்பது மாரிசெல்விக்கு அங்கிருந்தே தெரிந்தது. சிரித்துக்கொண்டே கேட்டிருப்பான்.

"எல்லாருக்கும் தீவாளி லீவுப்பா" என்றாள் சினேகா. பாடம் ஒப்பிக்கிறபோது நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள். "அம்மாவுக்கு மட்டும் வேற லீவு. தம்பி பிறந்து செத்துப்போச்சு. அதான் லீவு."

மாரிசெல்வி ரிசீவரை வாங்கினாள். லைன் போகவில்லை. அவன் இருக்கிறான் என்று தெரிந்தது. பின்னால் யாரோ இந்தியில் ஏதோ சொல்வதும், எங்கோ மழை பெய்வதும் கேட்டன. நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

"எப்ப?" என்றான்.

"பதினோரு நாளாச்சு."

"அழுதானா?"

"அழுதான்."

"மண்ணு?" என்றான்.

"அண்ணந்தான்."

"ம்" என்றான். அதோடு முறை முடிந்துவிட்டது. அடுத்த ஆளுக்கு விட வேண்டும்.

ரிசீவரை வைக்கத் தெரியாமல் அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊர்க்காவலன் வாங்கி வைத்தார். சினேகா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சேத்துச் சொன்னேனாம்மா?"

அடிக்கக் கை ஓங்கியவள் அந்தக் கையாலேயே பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னத்தா. சேத்துத்தான் சொன்ன."