தோல் கிடங்கில் கிடந்த எங்கள் புல்லட்

போன் வந்தபோது நான் ராணிப்பேட்டையில், நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் டெஸ்பாட்ச் பகுதியில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் யாரும் பேசவில்லை. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, "நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

குரல் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. அந்த "நீங்க"தான் உறுத்தியது. ஆறாம் வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து என்னை "டா" போட்டு மட்டுமே கூப்பிட்டவன் அவன்.

"இருக்கேன். நீங்க?" என்றேன் நானும்.

ஆம்பூரில் இருக்கும் அவர்கள் குடும்பத்துத் தோல் கிடங்கைக் காலி செய்து வாடகைக்கு விடப் போகிறானாம். "வண்டி பின்னாடி ரூம்ல அப்படியே இருக்கு. ஆர்.சி. உங்க பேர்லதானே? வந்து பாத்துட்டு இன்னா பண்றதுன்னு சொல்லுங்க."

அந்த புல்லட் எங்கள் இருவருக்கும் பொது. வேலைக்குப் போன புதிதில், குடியாத்தத்தில் ரிட்டயரான ஒரு போலீஸ்காரரிடம் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அவன் வீட்டுக்குத் தெரிந்தால் திட்டு விழும் என்று என் பேரில் எழுதினோம். அப்போதே அது பழைய வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஞாயிற்றுக்கிழமையானால் ஏலகிரி. அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து கத்திப் பேசிக்கொண்டே வருவேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலூரிலிருந்து ஆம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் விளக்கு இல்லாமல் ரோட்டிலேயே நின்றிருந்தது. வண்டி சாய்ந்ததற்குப் பிறகு எனக்கு ஆஸ்பத்திரிதான் நினைவிருக்கிறது. வலது கணுக்கால் நொறுங்கி, இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று என்றார்கள். அவன் என்னைப் பார்க்க வரவில்லை. வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் அவன்தான் என்று திரும்பிப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் திரும்புவதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் எனக்கு வேலை மாறியது, கல்யாணம் ஆனது, வேலூரில் தங்கிவிட்டேன். எங்காவது கல்யாண மண்டபத்தில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். என் அப்பா இறந்தபோது தெருமுனையில் வந்து நின்றிருந்தான். நான் காலை இழுத்துக்கொண்டு அங்கே போவதற்குள் இல்லை. இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். கிடங்கின் முன்பகுதியில் தோல் ஒன்றும் மிச்சமில்லை, பச்சைத் தோலும் உப்பும் கலந்த வாடை மட்டும் சுவரில் ஊறிப் போயிருந்தது. அவனுக்குத் தாடி நரைத்து, கண்ணாடி வந்திருந்தது. எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தான். மழை இல்லை என்று பேசினோம். ஆர்டர் கம்மியாகிவிட்டது என்று பேசினோம். இரண்டுமே தீர்ந்துபோனதும் எழுந்து பின்னறைக்கு அழைத்துப் போனான்.

வண்டியின் மேல் ஒரு முழு மாட்டுத்தோலைப் போர்த்தியிருந்தான். அதை இழுத்துப் போட்டான். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்கவில்லை. பளபளவென்றிருந்த சைலன்சர் செங்கல் நிறத்தில் செதில் செதிலாக உரிந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், விபத்தில் வளைந்தது வளைந்தபடியே நின்றது. வயர்களை எலி தின்றிருந்தது. அவன் கிக்கரில் கால் வைத்து அழுத்தினான். சுவரை மிதித்த மாதிரி இருந்தது.

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு எங்க வீட்ல சொல்றாங்க" என்றான்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"உங்களக் கேக்காம எப்படின்னேன்."

"ஓட வைக்க முடியுமான்னு பாப்போமே" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதுகூட நான் நினைத்திருக்கவில்லை. அவன் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

மினி டெம்போவில் ஏற்றி பைபாஸ் ஓரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். சத்தமாகப் பேசும் மனிதர். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், இது வேலைக்கு ஆவாது. உப்பு குடோன்ல இத்தினி வருசம் போட்டா உள்ள இன்னா மிச்சம் இருக்கும்? பிஸ்டனும் சிலிண்டரும் துருவுல ஒண்ணாயிருக்கும்" என்றார்.

"தொறந்து பாத்துட்டு சொல்லு" என்றான் என் நண்பன்.

அடுத்த ஞாயிறு இருவரும் நிற்க, அவர் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுச் சுற்றிலும் தடவினார். விரல் கருப்பாக, தார் மாதிரி கெட்டியான ஆயிலோடு வந்தது. துரு இல்லை.

"பிளக்கைக் கழட்டி உள்ள ஆயில் ஊத்தி வெச்சிருக்காங்க. அது இறுகிப்போய்தான் ஜாம் ஆயிருக்கு. ஊற வெச்சா விட்டுடும். யாரு சார் ஊத்துனது?"

என் நண்பன் ரோட்டைப் பார்த்தபடி, "நான்தான். போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து எடுத்தாந்த அன்னிக்கு" என்றான்.

வெளியே புளியமரத்தடிக்கு வந்தோம். "மறுபடி ஓட்டலாம்னு நெனச்சியா?" என்று கேட்டேன். "நீங்க" எப்போது போனது என்று தெரியவில்லை.

"நீ நடந்து வந்து வண்டியக் கேப்பேன்னு நெனச்சேன்."

"நீ ஆஸ்பத்திரிக்கே வரலியே. நான் எப்படி வருவேன்?"

"வந்தேன்டா" என்றான். "ஒரு தடவ இல்ல. வராண்டாவுல உங்கப்பா உக்காந்திருந்தாரு. நீ ஓட்டி எம் பையன் கால ஒடச்சிட்ட, இனிமே அவன் மூஞ்சில முழிக்காதன்னாரு. மறுபடி போனப்பவும் அதான். அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லியே. நான்தானே ஓட்டினேன்."

அப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை. கோபம் வந்தது. ஆனால் அந்த வராண்டாவில் அவர் என்ன பயத்தில் உட்கார்ந்திருப்பார் என்றும் தோன்றியது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தக் கரும்பு நம்ம மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. கடைசி செகண்ட்ல நீ வலப்பக்கம் ஒடிச்சே. வண்டி சாஞ்சு என் கால் அடில மாட்டிக்குச்சு, அவ்ளோதான். ஒடிக்கலன்னா ரெண்டு பேரும் அந்தக் கட்டுக்குள்ளயே போயிருப்போம். உன் மேல எனக்கு இருந்த கோவம் ஒண்ணே ஒண்ணுதான். நீ வந்து பாக்கலன்னு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் அதைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

உள்ளேயிருந்து மெக்கானிக் கத்தினார். "சார், கார்பரேட்டர் புதுசு போடட்டா, பழசையே கழுவட்டா?"

"புதுசு" என்றேன் நான். "பழசே கழுவு" என்றான் அவன், அதே நேரத்தில். இருவரும் சிரித்துவிட்டோம். பழையதையே கழுவினார்கள்.

அதன் பிறகு ஞாயிறுகள் எல்லாம் ஆம்பூரில்தான் கழிந்தன. ஃபோர்க்குக்கு எங்கெங்கோ அலைந்தோம். சீட்டுக்கு மெக்கானிக் ரெக்ஸின் போடலாம் என்றதும் என் நண்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தோல்காரன் வண்டிக்கு ரெக்ஸினா?" என்று வீட்டிலிருந்து பழுப்பு நிறத் தோல் ஒன்றைக் கொண்டுவந்தான். மழையில் நனைந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, நனைய விட்டால்தானே என்றான்.

இன்ஜின் முதலில் உயிர் பிடித்த அன்று மெக்கானிக் உதைத்து உதைத்து வேர்த்துப் போனார். ஒரு இருமல், கொஞ்சம் புகை, மறுபடி மௌனம். நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். பின்னால் தட், தட், தட் என்று கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே நின்றுவிடுமோ என்று பயந்தேன். நிற்கவில்லை. மெக்கானிக் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "நான் அப்பவே சொல்லல?" என்றார். அவர் சொன்னது வேறு என்பதை நாங்கள் நினைவுபடுத்தவில்லை.

பதிவைப் புதுப்பித்து, இன்சூரன்ஸ் போட்டு, எல்லாம் முடிந்து வேலூரில் என் வீட்டுக்கு ஓட்டிப் போகும் நாளில்தான் சிக்கல். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் வலது கணுக்கால் மேலே மடங்காது. கியரைத் தூக்க முடியவில்லை.

"டெம்போ பேசறேன். வேலூர்ல உன் வீட்ல எறக்கி வெக்கச் சொல்றேன்" என்றான் அவன்.

"நீ ஓட்டு. நான் பின்னால ஒக்கார்றேன்."

"வேணாம்டா. அன்னிலேர்ந்து நான் யாரையும் பின்னால ஒக்கார வெச்சதில்ல. எம் பொண்டாட்டியக்கூட."

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவன் பார்த்தான். மெக்கானிக் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவனும் ஹெல்மெட்டை மாட்டினான்.

மாதனூர் வரை சைக்கிள்கூட எங்களைத் தாண்டிவிடும் போலிருந்தது. லாரி ஹாரன் அடித்தால் அவன் தோள் இறுகுவது தெரிந்தது. நான் அவன் தோளில் கை வைத்து, முன்பு போலவே கத்திப் பேச ஆரம்பித்தேன். என் மாமியார் சண்டை, ஆபீஸ் பேஜார், எது வாயில் வந்ததோ அது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் தளர்ந்தது. அவனும் முன்னாலிருந்து பதில் கத்தினான்.

பள்ளிகொண்டா நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினான்.

"எங்கடா அது?"

சுற்றிலும் பார்த்தேன். ரோடு அகலமாகி, நடுவில் அரளிச் செடி வைத்து, புதிதாக ஹோட்டல்கள் வந்திருந்தன. "இங்கதான் ஒரு பனைமரம் இருந்துச்சு" என்றேன்.

"பனைமரமா? பம்ப்செட் கொட்டா இல்ல?"

இருவருக்குமே இடம் தெரியவில்லை. இத்தனை வருஷம் மனசுக்குள் அச்சுப் பிசகாமல் வைத்திருந்த இடம் ரோட்டில் இல்லவே இல்லை. அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஹெல்மெட்டுக்குள் சிரிப்புச் சத்தம் விநோதமாகக் கேட்டது. பிறகு கியரைப் போட்டு, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் தைரியமாகவே போனான்.

வீட்டில் என் மனைவி வாசலுக்கு ஓடி வந்து முதலில் என் காலைத்தான் பார்த்தாள். அப்புறம் அவனிடம், "வாங்கண்ணா, கை கழுவுங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். நன்றாகச் சாப்பிட்டான். கிளம்புகிறேன் என்று எழுந்தவன், கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகிறேன் என்று ஹாலில் பாயை விரித்துப் படுத்தான். அடுத்த நிமிஷமே குறட்டை. முகத்தில் வெயில் படுகிறதே என்று என் மனைவி சத்தமில்லாமல் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

வண்டி இப்போது ஆம்பூரில் அவன் வீட்டில் நிற்கிறது. எனக்குத்தான் ஓட்ட முடியாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறான்.