என்ன சாப்பிட்டனி?

புஷ்பம் அன்ரி காலமான செய்தி தொலைபேசியில் வந்தது. அப்பா காதில் வைத்துக்கொண்டு "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார். சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பானையைக் கீழே வைத்தார். வியா மக்வேதா வீதிக்குப் பக்கத்தில் உள்ள உணவகச் சமையலறையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோதே அன்ரியின் இதயம் நின்றுவிட்டதாம்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில் பிள்ளைகளும் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "நல்லவ, எல்லாருக்கும் உதவினவ எண்டு எழுது. வீட்டுக் கதையை எழுதிப் போடாதை," என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டுக் கதையை விட்டால் அன்ரியைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. அதனால் எல்லோரும் உறங்கிய பின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

அன்ரியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் இந்த நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் வசித்தார். கணவரைப் போரில் இழந்து வன்னியிலிருந்து தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். பெரிய குரல். அந்தக் குரல் படியில் கேட்டால் சிலர் கதவைப் பூட்டிக்கொள்வார்கள். நாங்களும் பூட்டியிருக்கிறோம். அவர் கேட்கும் கேள்விதான் காரணம்.

எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கண்டால் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார்கள். "ஓம்" என்பதுதான் மறுமொழி. பசியோடு நிற்பவரும் ஓம் என்றுதான் சொல்வார். இல்லை என்றால் கேட்டவருக்குச் சங்கடம். அன்ரி அப்படிக் கேட்பதில்லை. "என்ன சாப்பிட்டனி?" என்பார். அதற்கு ஓம் என்று சொல்லித் தப்ப முடியாது.

முதல் தடவை என்னைப் படியில் மறித்துத்தான் கேட்டார்.

"சோறு," என்றேன்.

"சோத்தோடை?"

"தேங்காய்ப்பால் சொதி."

"காலமை?"

"தேத்தண்ணியும் பிஸ்கோத்தும்."

"நேற்று?"

"அதுதான்."

"எடியே, உன்ரை வயித்துக்கை வேறை நிறமே போகாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அப்போது அப்பாவின் கட்டட வேலை நின்றிருந்தது. அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் வீடு துப்புரவாக்கப் போவார். எங்கள் வயிறு நிரம்பித்தான் இருந்தது. அதனால் இதைப் பட்டினி என்று யாரும் நினைக்கவில்லை. தங்கை மட்டும் வளரவில்லை. முந்தின வருடத்துச் சட்டை அவளுக்கு அளவாகவே இருந்தது. பாதிப் படியில் களைத்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அன்ரி அதைக் கண்டு அம்மாவிடம் கேட்டார்.

"எங்கடை பரம்பரையே மெலிவு அக்கா. நானும் உப்பிடித்தான் இருந்தனான்," என்றார் அம்மா.

அன்ரி தங்கையின் மெலிந்த கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீ எப்ப உப்பிடி இருந்தனி? சண்டை நேரம் பங்கருக்கை கிடந்து கஞ்சி குடிச்ச வயசிலை. அது பரம்பரை இல்லையடி பிள்ளை, பசி. நீ சாப்பிடாத வயித்திலை வந்தவள் இவள். நாளைக்கு இவளுக்கு ஒண்டு பிறந்தால், அதையும் பரம்பரை எண்டு சொல்லப் போறியோ?"

அரசாங்கத்தின் தாய்-சேய் நிலையத்துக்குப் போகலாம் என்றார். அப்பா மறுத்தார். "சமூக சேவைக்காரர் வந்து பிள்ளையளைக் கொண்டு போயிடுவினம் அக்கா."

அதைக் கேட்ட நான் தங்கையின் சப்பாத்துகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். சப்பாத்து இல்லாத பிள்ளையைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று நினைத்தேன். அப்பா மறுத்தும் விடாத அன்ரி, போகும் நாளில் தானே குனிந்து அவற்றை இழுத்தெடுத்தார். "கொண்டு போறதெண்டா முதல் என்னைக் கொண்டு போகட்டும். சாப்பாட்டுச் செலவிலை ரெண்டு நாளிலை திருப்பி அனுப்புவினம்," என்றார்.

மொழிபெயர்க்க நானும் போனேன். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று மருத்துவர் கேட்டார். அம்மா பழக்கத்தில், இந்த நாட்டு மொழியில் "சீ, சீ, துத்தோ," என்றார், ஓம், ஓம், எல்லாம் சாப்பிடுகிறாள் என்று. அன்ரி என் தோளில் கை வைத்தார். "உள்ளதைச் சொல்லு." நான் சோறு, சொதி, தேநீர், பிஸ்கோத்து என்று சொன்னேன். மருத்துவர் திட்டவில்லை. தங்கையைப் பார்த்து முடித்த பின் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், சிஞ்ஞோரா?" அம்மா தங்கையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். மொழிபெயர்க்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

இருவருக்கும் இரத்தம் குறைவு என்றார்கள். இரும்புச் சத்து மருந்து தந்தார்கள். மத்தியானச் சாப்பாடு தரும் பாலர் பள்ளியில் தங்கைக்கு இடம் எடுத்துத் தந்தார்கள். யாரும் யாரையும் கொண்டுபோகவில்லை.

அதன் பிறகு அன்ரி எங்கள் அடுப்படிக்கே வந்தார். சந்தையில் மலிவாக விற்கும் சுரைக்கொழுந்தை, இங்குள்ளவர்கள் தெனெரூமி என்பதை, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டிக் காட்டினார். பருப்பும் சின்ன மீனும் கட்டாயம் என்றார். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை அம்மா சாப்பிடும் வழக்கத்தையும் அவர் சும்மா விடவில்லை.

"முதல் கோப்பைச் சோறு இவளுக்குப் போடுங்கோ. தம்பி, நீர் கொஞ்சம் பொறும்."

"அக்கா, இது என்ரை வீடு," என்றார் அப்பா.

"உம்மடை வீடுதான். அதுதான் உம்மடை பெஞ்சாதி விழாமல் நிக்க வேணும் எண்டிறன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பொறுத்திருந்தார்.

இப்போது அம்மாவின் வயிற்றில் இன்னொரு பிள்ளை. நிலையத்துக்கு அன்ரிதான் கூட்டிப்போவதாக இருந்தது. அவர் போன பிறகு அம்மா மறுபடி கடைசியாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். சில நாள் அதுவும் இல்லை.

இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் "சாப்பிட்டனீங்களோ?" என்று என் வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, "என்ன சாப்பிட்டனீங்கள் அம்மா?" என்று கேட்டேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "தேத்தண்ணி," என்றார். அப்பா தன் முன்னால் இருந்த தட்டை மெல்ல அம்மாவின் பக்கம் தள்ளினார்.

இதைப் படித்தால் அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நாளை இதை மலர் அச்சிடுபவரிடம் கொடுப்பேன். அம்மாவை நிலையத்துக்கும் கூட்டிப்போவேன்.

அன்ரி, தங்கை இப்போது களைக்காமல் படி ஏறுகிறாள். ஆனால் ஏறும் முன் பூட்டிய உங்கள் கதவைத் தட்டி, அன்று சாப்பிட்டதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். அம்மா தானாகச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்: இன்றிரவு பருப்பு, சுரைக்கொழுந்து, ஒரு துண்டு மீன். கேட்டுவிட்டு ஆறுதலாகப் போங்கள்.