கடலைப் பார்த்த நாற்காலிகள்

அனுமந்தைக்குத் தெற்கே இருந்த அந்த மீனவக் குப்பத்து நூலகத்தில், சுனாமிக்குப் பிறகு யாரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. இதை முதலில் கவனித்தவள் நூலகர் அம்சவள்ளி. கடல் தெரிகிற நாற்காலிகளுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். மற்றவை காலியாகக் கிடந்தன. ஏன் என்று கேட்டால், "இங்கதான் காத்து வருதுக்கா" என்றார்கள். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒருநாள் காலையில் சீக்கிரம் வந்து, எல்லா நாற்காலிகளையும் வாசல் வழியே கடல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டாள். ஒன்றுக்கு மட்டும் இடமில்லை. அது அவள் மேசைக்கு எதிரே, கடலுக்கு முதுகாக நின்றது.

அவள் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அம்மாவோடு உப்பு வாரப் போனவள். பாத்தியில் தண்ணீர் கலங்கினால் உடனே கை வைக்கக் கூடாது, தெளியும்வரை விட வேண்டும் என்று அங்கே பழகியிருந்தாள். பகுதிநேர நூலகரான பிறகு மனிதர்களிடமும் அப்படித்தான் நடந்துகொண்டாள்.

பூவிழியிடம் மட்டும் அவசரப்பட்டுவிட்டாள். பதினோராம் வகுப்பு படிக்கிற பெண். உலகம் சூடாகிறது, கடல் மட்டம் உயர்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம குப்பம் இருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. போய்ப் படி."

பூவிழி தலையாட்டினாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடலோடு சேரும் உப்பங்கழியான கழிவெளி ஓரத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கிற இடத்தில் கத்தியால் கீறிக்கொண்டு வந்தாள். அம்சவள்ளிக்கு அது தெரியாது. 2005 ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. தண்ணீர் ஒவ்வொரு கீறலாகத் தாண்டி ஏறியது. பூவிழி மற்ற பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

அன்று மாலை நூலகத்தை மூடும் நேரத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குப்பத்தில் மாடிப்படி உள்ள கட்டடம் அது ஒன்றுதான்.

"வூட்டுக்குப் போவ மாட்டோங்கா," என்றான் பிள்ளைகளில் துடுக்கான கௌதம். "கடல் ஏறுது. குச்சி நட்டுப் பாத்துட்டோம்."

சிறிது நேரத்தில் வாசலில் பெற்றவர்கள் கூடிவிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ராஜாங்கம் உள்ளே வந்தார். கட்டடம் ஊருக்குச் சொந்தம்.

"சாவியைக் குடும்மா. புள்ளைங்க படிக்கட்டும்னு ரூமைக் குடுத்தோம். நீ பயத்தைக் கெளப்பி வுட்டிருக்கே. லைப்ரரியே வேணாம். வலை வைக்க எடமில்லாம கெடக்குது."

கொடுத்தால் காலையில் இங்கே வலைதான் இருக்கும். இந்தப் பிள்ளைகள் தங்கள் பயத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? ஆனாலும் அம்சவள்ளி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி, இதுங்க இன்னா சொல்லுதுன்னு ஒரு நிமிஷம் உக்காந்து கேளுங்க."

எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

ராஜாங்கம் நாற்காலியில் கை வைத்தார். உட்காரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, கடலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா மாமா," என்றான் கௌதம், "அங்கதான் காத்து வருதா?"

வெளியே யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ராஜாங்கத்தின் தாடை இறுகியது. அடிக்கத்தான் எழுவார் என்று அம்சவள்ளி நினைத்தாள்.

"ஆமாண்டா," என்றார் கடைசியில். "இங்கதான் வருது."

"அந்தக் குச்சியை எங்க நட்டீங்க?" என்று கேட்டார். பூவிழி சொன்னாள்.

"கழி கடல்ல சேர்ற மொகத்துவாரம் மண்ணு மூடிக் கெடக்குது. மழத்தண்ணி கடலுக்குப் போவ வழியில்லாம ஏறுது. ஒரு எட்டு போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சுனாமிக்கப்புறம் எங்கள்ல யாரு மாமா கடல் பக்கம் போனோம்?" என்றாள் பூவிழி.

அதோடும் அவள் விடவில்லை.

"சரி, குச்சி தப்பு. பேப்பர்ல போட்டது?"

ராஜாங்கம் அம்சவள்ளியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இந்த முறை அவள் அவசரப்படவில்லை.

"அது நெசம்தான். கடல் ஏறுதாம். நம்ம குப்பத்துக்கு எப்போ, எவ்ளோன்னு எனக்குத் தெரியலம்மா. அன்னைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னது சும்மா வாய்க்கு வந்தது. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

பூவிழி முகத்தைத் தாவணியில் புதைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் கை போட்டாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

அவள் அழுது ஓய்ந்ததும் ராஜாங்கம் அவள் பக்கம் திரும்பினார். "அந்தப் பேப்பரை எடுத்தாந்து சத்தமாப் படி. நாங்களும் கேக்கறோம்."

வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள், எல்லோரும் வாசலைப் பார்த்தபடி. பூவிழி படித்தாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள். அவளுக்கும் தெரியாததை அம்சவள்ளி அலமாரியில் தேடினாள். சிலது கிடைத்தது.

ராஜாங்கம் எழுந்தபோது மேசைமேல் இருந்த சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நாளைக்கு எத்தினி மணிக்குத் தொறப்பே?" என்று கேட்டார்.