அந்தம்மா வீட்டு நாற்காலிகள்

செங்கல்பட்டில் எங்கள் முதல் வீட்டுக்குக் குடிபோனபோது அதில் உட்கார ஒன்றும் இல்லை. கட்டி முடிப்பதற்குள் கையிலிருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வாடகைக்கு எடுத்த இரும்பு நாற்காலிகளை மறுநாளே பந்தல்காரர் வந்து மடித்துக்கொண்டு போய்விட்டார். ஹாலில் நின்று பேசினால் எதிரொலித்தது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. நாற்காலி என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் உட்காரும் பொருள் என்று நினைத்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் பாய்தான். விருந்தாளி வந்தால் புதுப்பாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மனைவி அப்படி இல்லை. அவள் பள்ளி ஆசிரியை. ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றிப் பல மாதங்கள் யோசிப்பவள். பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து வைத்திருந்தாள். தாழ்வான மர நாற்காலிகள், பிரம்புப் பின்னல் முதுகு, கீழே போகப்போக மெலிந்து வெளிப்பக்கம் சாய்ந்த கால்கள். செதுக்கல், பூவேலை எதுவும் கிடையாது.

"இந்த மாதிரி இருந்தா கீழ வெளக்கமாறு போகும்ங்க. பொருள் இருக்கறதே தெரியாது, எடம் பெருசாத் தெரியும்" என்பாள்.

செங்கல்பட்டுக் கடைகளில் அப்போது கிடைத்ததெல்லாம் ரெக்சின் போட்ட குண்டு சோபாக்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, விடுவிடுவென்று நடப்பாள்.

நான் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஆபீசில் வேலை பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் நண்பர்தான் ஒருநாள் சொன்னார், மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் தனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார், டெல்லியில் பெரிய வேலையில் இருந்தவர், பழைய சாமான்களைக் கொடுத்துவிடப் போகிறார் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு ஒற்றை வீடு. உள்ளே கால் வைத்ததும் என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரித்து வைத்த படம் அப்படியே எழுந்து நின்றதுபோல இருந்தது. தேக்கில் ஒரு நீள சோபா, இரண்டு சாய்வான நாற்காலிகள், ஒரு டீப்பாய், சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றி நாற்காலிகள், சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் நீண்ட அலமாரி ஒன்று.

பெரியவருக்கு அவற்றைப் பற்றிப் பேசப் பேச முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில், அறுபதுகளில், டெல்லியில் செய்ய வைத்தாராம். "கவர்ன்மென்ட் கட்டடங்களுக்கு இதே டிசைன்லதான் அப்ப செஞ்சாங்க. நான் போய்ப் பார்த்து, வரைஞ்சு கொண்டுவந்து, அதே மாதிரி பண்ணச் சொன்னேன். எங்க முதல் வீட்டுக்கு வாங்கினது" என்றார். எங்களுக்கும் இதுதான் முதல் வீடு என்று சொன்னதும் சந்தோஷப்பட்டார். ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதில் ஆணியே இல்லை என்று காட்டினார்.

அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். உயரமானவர், முழுக்க நரைத்த தலை. எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். விலை பேசி, என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணத்தைக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். விலை பேசும்போது கௌரவமானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை வண்டியோட வாங்க. நான் பேங்க் வேலையா மெட்ராஸ் போறேன். அவ இருப்பா" என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் டெம்போவில் போனோம். கதவைத் திறந்த அந்தம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க வாங்க. பாலிஷ் போட எடுத்துட்டுப் போக ஆள் வரும்னார். நீங்களே வந்துட்டீங்களா? எத்தனை நாள் ஆகும்?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வெளியே டெம்போ உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, பாலிஷுக்கு இல்லைம்மா" என்றாள் என் மனைவி. "சார் எங்களுக்கு வித்துட்டாரு. பணமும் குடுத்துட்டோம்."

சொல்லிவிட்டு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா பக்கத்தில் இருந்த சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்ததுபோலச் சட்டென்று எழுந்துகொண்டார். அந்த ஒரு அசைவை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

என் மனைவி என் காதருகே, "வேணாங்க, திரும்பிப் போயிடலாம். சார் வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றாள். அதற்குள் டிரைவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், ஏத்தலாமா வேணாமா? மத்தியானம் வேற ஒரு லோடு கீது."

பதில் சொன்னது அந்தம்மாதான்.

"ஏத்துங்கப்பா. அலமாரியில மட்டும் சாமான் இருக்கு. அதை எடுத்துக் குடுத்துடறேன்."

தரையில் செய்தித்தாளை விரித்தார். டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்து உள்ளிருந்ததை எடுத்து வைக்க ஆரம்பித்தார். என் மனைவியும் கூட உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக் கோப்பைகள், வெள்ளிக் குங்குமச் சிமிழ், பிள்ளைகளின் பழைய ரிப்போர்ட் கார்டுகள், கம்பளி நூல் உருண்டைகள், ஊசிகள், மருந்துச் சீட்டுகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அவசரப்படவில்லை, அழவுமில்லை. கோப்பையை வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார். ஆட்கள் மேஜையைத் தூக்கும்போது, "கதவுல இடிக்கும், சாய்ச்சு எடுங்க" என்று சொல்லிக்கூடக் கொடுத்தார்.

நாங்கள் கிளம்பும்போது அந்த ஹால் எங்கள் புது வீட்டு ஹால் மாதிரி ஆகியிருந்தது. பேசினால் எதிரொலித்தது. நடுவில் செய்தித்தாள் மீது அவருடைய சாமான்கள், கடைத்தெருவில் பரப்பி வைத்ததுபோல. அவர் வாசல்வரை வந்து, "பார்த்துப் போங்க" என்றார்.

திரும்பி வரும்போது டெம்போவின் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மாமல்லபுரத்தைத் தாண்டும்வரை கல் கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் அவை அழகாகப் பொருந்தின. அதுதான் கொடுமை. ஏதாவது ஒன்று இடிபட்டு, இடம் கொள்ளாமல் போயிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. சாயங்கால வெயில் பிரம்புப் பின்னல் வழியாக விழுந்து தரையில் கட்டம் கட்டமாக நிழல் போடும். என் மனைவி அதைப் பார்ப்பாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வாள். இத்தனை காலம் ஆசைப்பட்ட பொருளைப் பற்றி அவள் யாரிடமும் பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஊரிலிருந்து வந்த என் அம்மா ஒருமுறை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் திண்டாடினாள். "இன்னாடா இது, குந்துனா எழுந்துக்கவே முடில. ஆஸ்பத்திரி மாதிரி கீது வூடு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவைக் கைபிடித்துத் தூக்கிவிட்டபோது, கடலோர வீட்டில் இப்போது அந்தம்மா எதில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவர்கள் அந்த வீட்டையும் விற்றுவிட்டு, தாம்பரத்தில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் போய்விட்டதாக பஸ் நண்பர் சொல்லியிருந்தார்.

மகள் பிறந்தாள். தவழ்ந்தாள், நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து நின்றாள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பால்பாயின்ட் பேனாவால் சோபாவின் கைப்பிடியில் மீன் வரைந்தாள். சூடான குழம்புச் சட்டியை யோசிக்காமல் வைத்ததில் மேஜையில் வெள்ளை வட்டம் விழுந்தது. ஒரு நாற்காலியின் பிரம்பு அறுந்துபோய், பின்னுவதற்கு ஆள் கிடைக்காமல் நைலான் ஒயர் போட்டோம். ஒவ்வொரு சேதத்துக்கும் நான் அளவுக்கு மீறிக் கோபப்பட்டேன். "நம்ம சாமான்தானேங்க, குழந்தை கிறுக்கினா இன்னா இப்ப?" என்று மனைவி ஒருநாள் கத்தியே விட்டாள். நம்ம சாமான் என்று அவள் சொன்னது எனக்குப் பொய்போலக் கேட்டது. அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். துணி எடுத்து மீனைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சில வருஷங்கள் கழித்து ஒரு முகூர்த்த நாளில், செங்கல்பட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் பந்தியில் என் மனைவிக்குப் பக்கத்து இலையில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை. அவர்தான் முதலில் அடையாளம் கண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாராம். என் மனைவி அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தது நான்தான். மேஜையின் வெள்ளை வட்டத்தின் மேல் அவசரமாக ஒரு செய்தித்தாளை இழுத்துப் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஹாலைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டினார். பிறகு மூலையில் மகள் படிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முட்டி வலி. அதுல உட்கார்ந்தா என்னால எழுந்திருக்க முடியாது" என்றார். "அப்பவே முடியாது."

என் மனைவி காப்பியைக் கொடுத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "உங்களுக்கு வேணும்னா ரெண்டு நாற்காலியாவது எடுத்துக்கங்கம்மா. மனசு கேக்கவே மாட்டேங்குது" என்றாள்.

"எனக்கு எதுக்கு? எனக்கு இது ஒண்ணும் புடிச்சதே இல்லை" என்றார் அவர், சாதாரணமாக. "நான் ஊஞ்சல் கேட்டேன். அவர் இதைச் செஞ்சு கொண்டுவந்து போட்டார். வாங்கும்போதும் என்னைக் கேக்கல, விக்கும்போதும் கேக்கல."

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. உண்மையைச் சொன்னால், நிறையவே வந்தது. இத்தனை வருஷம் சும்மா மனதை வருத்திக்கொண்டோம் என்றுகூட நினைத்தேன். அந்த நிம்மதி ரயில்வே ஸ்டேஷன் போகும்வரைதான் இருந்தது.

தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். பிளாட்பாரத்துக்கு ஏரிக் காற்று வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, சும்மா இருக்க முடியாமல், "அன்னிக்கு நாங்க எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"நீங்க எடுக்கலேன்னா வேற யாராவது எடுத்திருப்பாங்க. அதை விடுங்க." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னீங்க பாருங்க. அதைப் பார்த்தப்புறம்தான், அவர் செஞ்சது வெளியாளுக்கே கூச்சமா இருக்கிற காரியம்னு எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் எல்லா வீட்லயும் இப்படித்தான்னு நெனச்சுகிட்டிருந்தேன்."

நான் பிளாட்பார டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கப்புறம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பையன் வீட்டுக்குப் போயும் பேசல. எங்கிட்ட சொல்லப் பயந்துதான் அப்படிச் செஞ்சார், எனக்குத் தெரியும். அந்தச் சின்ன ஃபிளாட்ல எதையும் வைக்க முடியாது. ஒருநாள் வந்து பக்கத்துல நின்னு, 'தப்புப் பண்ணிட்டேனா?'ன்னு கேட்டார். நான் கீரை ஆய்ஞ்சுகிட்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல. அந்த மாசமே போயிட்டார்."

ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "பொண்ணை நல்லாப் படிக்க வைங்க" என்றார். எல்லோரும் சொல்வதுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மேஜை மேலிருந்த செய்தித்தாளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "நாம ஒருதடவை அங்க போயிட்டு வரலாங்க" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு தாம்பரம் போனோம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மாடியில் சின்ன ஃபிளாட். அந்தம்மா எங்களை மருமகளிடம், "செங்கல்பட்டுல நமக்கு வேண்டியவங்க" என்று அறிமுகப்படுத்தினார். எப்படி வேண்டியவர்கள் என்று சொல்லவில்லை, மருமகளும் கேட்கவில்லை. என் மனைவி சமையலறைக்குப் போய்த் தேங்காய் துருவத் தொடங்கிவிட்டாள். மூன்று பெண்களும் பேசுவது உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஹாலில் தனியாக இருந்தேன். டி.வி.க்கு மேலே பெரியவரின் படம் மாட்டியிருந்தது. சந்தன மாலை, கீழே சின்னச் சிவப்பு பல்பு. எழுந்து போய்க் கைகூப்பி நின்றேன். அவருடைய கடலோர வீட்டுக்கு இரண்டு தடவை போனவன் நான்; இரண்டாவது தடவை போனபோது அவர் வீட்டிலேயே இல்லை. எங்கள் தலைகுனிவு ஒரு மனிதரின் கடைசி நாட்களை அப்படி ஆக்கியிருக்கிறது. நாங்கள் நிமிர்ந்து நின்றிருந்தால் அவர் செய்தது அநியாயம் என்றே அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்காது. எதற்காக, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கைகூப்பியபடியே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அந்தம்மா, "இலை போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்.