வெள்ளை வண்டியின் பின்கதவு

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். ஆனால் ஊரில் அவருக்குப் பலகைக்காரர் என்று பெயர். கம்பிக் கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தால் போதும், 'இயங்காது' என்று எழுதிய பலகையைக் கதவில் மாட்டிவிட்டுப் படி வழியே இறங்கிப் போய்விடுவார். மேல்மாடிக்காரர்கள் கெஞ்சுவார்கள், மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், ஒருவர் சட்டையைக்கூடப் பிடித்திருக்கிறார். மனிதர் அசைந்து கொடுக்க மாட்டார். ஆள் ஏறுகிற எதிலும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை என்பார். நல்லவர்தான். அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கதை முடியும்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு சின்ன சிவப்பு கார். பின்பக்கம் முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கித் திறக்கிற பழைய மாடல். அது புதிதாக வந்த காலத்தில் அவர் கையில் சல்லிக்காசு கிடையாது. ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி, உள்ளே போகத் தைரியம் வந்ததில்லை. தலை நரைத்த பிறகு, பழைய இரும்புக் கடையில், டயர் மண்ணில் புதைந்து உள்ளே புல் முளைத்துக் கிடந்த ஒன்றைப் பார்த்தார். கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். வாசலில் இடுப்பில் கை வைத்து நின்ற மனைவியை நிமிர்ந்து பார்க்காமலேயே ஷெட்டுக்குள் தள்ளினார்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. எஞ்சின் கூடத்தில் தார்ப்பாய் மேல் உட்கார்ந்தது. கார்புரேட்டர் பால் பாத்திரத்தில் கொதித்தது. மனைவி வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டாள். துருப்பிடித்த தரையை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணி முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தார். ஒரு நாள் அவர் உப்புத்தாள் போட்டுக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை ஜன்னலில் நின்று, "கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு நாளாவது இப்படித் தலை வாரி விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். அந்த ஷெட்டில் அப்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் கூடி வந்தது, பின்கதவைத் தவிர. கீழ் விளிம்பு முழுவதும் துரு தின்றிருந்த அது, முதல் தடவை தூக்கிய அன்றே கீலோடு கழன்று விழுந்து, கண்ணாடி பொடிப்பொடியாகப் போயிற்று. வளைந்த கண்ணாடி. அதை இப்போது யாரும் செய்வதில்லை. தகரக் கடையில் சொல்லி ஒன்று அடித்துப் பார்த்தார், பொருந்தவில்லை. எஞ்சின் ஓடியது, பெயின்ட் பளபளத்தது, பின்னால் மட்டும் பல் விழுந்த வாய் போலத் திறந்து கிடந்தது. சாப்பிடும்போதும் அவர் கண் அந்த ஓட்டையிலேயே இருந்தது.

சீட்டுக்கு உறை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்தார். அதே மாடல், ஓடுகிற வண்டி. தையல்காரம்மாவுடையது. பள்ளிச் சீருடைகளைத் தைத்து மூட்டை கட்டி அதில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டு போய்ப் போடுகிற தனிக்கட்டை. அதன் பின்கதவில் ஒரு கீறல்கூட இல்லை. விலைக்குத் தருவீர்களா என்று அன்றைக்கே கேட்டுவிட்டார். அந்த அம்மா வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் இருக்கிற வரைக்கும் அது என்கூடத்தான் இருக்கும் தம்பி. நான் போனப்புறம் நீங்களே எடுத்துக்குங்க."

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். பலகைக்காரர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வலியப் போய் அந்த வண்டிக்கு மெக்கானிக் ஆனார். கூலி வாங்க மாட்டார். ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தால் ஹாரனைச் சரிசெய்துவிட்டுப் பின்கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். முன்னால் வேலை நடக்கும்போது பின்னால் பழைய போர்வையைப் போர்த்தி வைப்பார். தையல்காரம்மா இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று உருகிப் போனார். மனைவிக்கு மட்டும் என்னவோ போல இருந்தது. "அந்த அம்மாவுக்கு வயசு என்ன இருக்கும்?" என்று அவர் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டபோது, அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிறகு அந்த வண்டி பிரேக் அழுத்தினால் கொஞ்சம் ஆழமாகப் போகிறது என்று வந்தது.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தார். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய் ஓரிடத்தில் கொப்புளம் போல உப்பியிருந்தது. காலால் மிதித்துப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா மிதிக்க மிதிக்கக் கொப்புளம் பெருத்தது, விட்டதும் சுருங்கியது. இன்றைக்கோ அடுத்த மாதமோ, ஓர் அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது அது வெடிக்கும். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பு வண்டிக்கென்று வாங்கி வைத்த புதுக் குழாய்கள் பின்னாலேயே அலமாரியில் இருந்தன. எழுந்து எடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் சக்கரத்தை மாட்டினார்.

"ஓட்டலாமா தம்பி?"

"மெதுவா ஓட்டுங்க," என்றார்.

சமையலறை ஜன்னலுக்குள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு லிஃப்டைப் பார்த்து அவர் மெதுவாகப் போகச் சொன்னதில்லை. போகலாம், இல்லை போகக்கூடாது, இரண்டே பேச்சுத்தான். "வண்டியில ஏதாவது கோளாறாங்க?" என்று கேட்டாள். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அந்த வாரம் அவர் எங்கேயும் நிலைகொள்ளவில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவமனை லிஃப்டில் ஒரு சாதாரண சத்தத்துக்காகப் பலகை மாட்டிவிட்டு, கெஞ்ச வந்த மேலாளரிடம் எரிந்து விழுந்தார். ஒரு பகலில் புதுக் குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்கே போய்விட்டார். சொல்லிவிடத்தான் போனார், அது உண்மை. வாசலில் வண்டி கழுவி நின்றது. வெயில் பின்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. உள்ளே அந்த அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுத்தார்; சீட்டு உறையைக் காட்டினார்; கை விரல் வலியைப் பற்றிப் பேசினார். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சொல்ல வந்தது தொண்டை வரை வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற நினைப்பும் கூடவே வந்தது. பையைத் திறக்காமலேயே எழுந்து வந்துவிட்டார். நாளைக்கு வந்து மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வேலை அதிகமாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த வேலையெல்லாம் அவரே தேடிப் போய் எடுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழைய இரும்புக் கடைக்காரர் போனில் வந்தார். பலகைக்காரரின் கை எச்சிலாக இருந்ததால் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, உங்க வண்டி மாதிரியே இருக்குமே, அந்த வெள்ளை வண்டி. இறக்கத்துல லாரிக்குப் பின்னாடி கொண்டு போய் மோதிட்டாங்க. இப்பத்தான் இழுத்துக்கிட்டு வந்து நம்ம கடையில போட்டிருக்காங்க. முன்னாடி ஒண்ணுமே மிச்சமில்ல."

"பின்கதவு?" என்றார் பலகைக்காரர்.

போனில் சத்தமே இல்லை.

"கண்ணாடி உடையலையே?"

"இல்லண்ணே. அப்படியே இருக்கு."

"நீங்க கழட்டாதீங்க, கீறல் விழும். நானே வர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் மனைவி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. போன் பக்கம் குனிந்தாள்.

"அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அங்கேயே முடிஞ்சு போச்சு அண்ணி," என்றார் கடைக்காரர். "அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். அண்ணன் கேட்டதுல எனக்குப் பேச்சே வரல."

மனைவி போனை அணைத்தாள். அந்தக் கொப்புளத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் எல்லாம் தெரிந்துவிட்டது போல அவர் முகத்தையே பார்த்தாள். பலகைக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது, அழுகையும் உண்மையாகவே வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலும் அவர் பார்வை ஜன்னல் வழியாக ஷெட்டுக்குப் போய், சிவப்பு வண்டியின் பின்னால் இருந்த ஓட்டையை அளந்தது. மனைவி அதையும் பார்த்துவிட்டாள்.