முனியப்பன் கோயிலில் குவிந்த புள்ளிகள்

எங்கள் பக்கம் வீடுகள் வரிசையாக இருக்காது. அவரவர் வெள்ளாமைக் காட்டில் ஒரு கொட்டாய் போட்டுக் குடியிருப்போம். வழி கேட்டால் பக்கத்துக் கோயிலைச் சொல்வோம். என் அக்கா கொட்டாய்க்கு அடையாளம் முனியப்பன் கோயில்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகி, முதுகில் புண் வைத்துவிட்டது. வீட்டுக்கே நர்ஸை அனுப்பிக் கட்டுப் போடும் தர்ம காரியம் ஒன்று பாப்பாரப்பட்டிப் பக்கம் நடக்கிறது. போனில் ஒரு பாரம் நிரப்பினால் போதும். அந்தப் பாரத்தில் இடம் காட்டும் மேப்பைச் செய்து கொடுத்ததே என் மருமகள்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அவள் செய்தது என்கிற ஆசையில் நானே அக்காவுக்காக நிரப்பினேன். சிவப்புப் புள்ளியை முனியப்பன் கோயில் மேல் நகர்த்தி வைத்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

நர்ஸோடு போன வண்டி திரும்பி வந்துவிட்டது. கோயிலில் யாருமே இல்லையாம். என் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன், போன் வீட்டில் கிடந்தது. "முனியப்பனுக்குக் கட்டுப் போட்டுட்டு வந்திருப்பாங்க" என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வாரம் தள்ளினால் புண் எலும்பைத் தொட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருமகளிடம் என் தப்பைச் சொன்னேன். அவள் மற்றவர்கள் நிரப்பிய பாரங்களையும் திறந்து பார்த்தாள். மாரியம்மன் கோயில், ஆஞ்சநேயர் கோயில், எல்லாக் கோயில் மேலும் புள்ளிகள் குவிந்து கிடந்தன. நோயாளிகள் எல்லாரும் கோயிலில் குடியிருப்பது போல.

"தப்பு உங்க மேல இல்லைங்கத்தை. வூடு எங்கன்னா நாம கோயிலத்தானே சொல்றோம். அது என் மேப்புக்குத்தான் தெரியல" என்றாள்.

இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்தாள். இப்போது அந்த மேப் முதலில் பக்கத்துக் கோயில் எது என்று கேட்கிறது. அங்கே போனதும் மேலிருந்து எடுத்த படம் விரிந்து, உங்கள் வீட்டுக் கூரையைத் தொடுங்கள் என்கிறது. கோயிலையே தொட்டால், அங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று பதமாகக் கேட்கிறது. கிணற்று மோட்டாரைக் கழற்றி இன்னொரு கிணற்றில் மாட்டுவதுபோல, எந்தப் பாரத்திலும் இதை மாட்டலாமாம். தண்ணீர் லாரி கேட்கும் பாரத்திலும் மாட்டிவிட்டாள். படித்தவர்கள் நம்மைத் திருத்தப் பார்ப்பார்கள். இவள் தான் செய்ததைத் திருத்திக்கொண்டாள். சாமி கொடுத்த மருமகள்.

அக்கா கொட்டாயின் ஓட்டுக் கூரை மேல் நீலத் தார்ப்பாய் போட்டிருக்கும். படத்தில் அதைத் தேடித் தொட்டேன். சாமியை விட்டுப் புள்ளியை நகர்த்தும்போது மனசு கொஞ்சம் கூசியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சொன்ன நாளில் அக்காவோடு இருந்தேன். வண்டி கோயிலில் நிற்கவில்லை. வரப்போரத் தடத்தில் இறங்கி வாசலுக்கே வந்தது. நர்ஸம்மா துணியை விலக்கிப் பார்த்து, "எலும்பு வரைக்கும் போகலீங்க, ஆத்திடலாம்" என்றார்.

அக்காவுக்கு வாய் குழறும். கட்டுப் போட்டு முடிந்ததும் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, யார் வழி சொன்னது என்று கேட்டாள். என் மருமகள் என்றேன்.

"அடுத்த வாரம் அவளக் கூட்டியா" என்றாள்.