புஜ்ஜிக்குக் கொடுக்காத மாத்திரை

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். நாய் வயிற்றுப் பூச்சியைப் பற்றி எவன் உட்கார்ந்து படிப்பான் என்பது ஒரு காரணம். எழுதினால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடுமே என்பது இன்னொன்று. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை வேறு வரும். பரவாயில்லை, எழுதித் தொலைக்கிறேன்.

அப்போது நான் ஏழாவது படித்தேன். அண்ணனுக்குப் பெரியபாளையம் அம்மன் கோயிலில் கல்யாணம். அண்ணிக்குப் பழவேற்காடு பக்கம் ஊர். தாலி கட்டி முடிந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வரும்போது மடியில் ஓர் ஒயர் கூடையை வைத்திருந்தாள். சீர்ப் பலகாரம் என்று நினைத்துக் கையை விட்டேன். பலகாரம் என் விரலைக் கடித்தது. அதுதான் புஜ்ஜி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய நாய், உடம்பெல்லாம் வெள்ளை முடி.

“இன்னாடா இது, பொண்ணு கேட்டா நாயக் குடுத்து அனுப்பிக்கிறாங்க?” என்று அம்மா ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டாள். அண்ணி சிரிப்பதுபோல் ஏதோ செய்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் புஜ்ஜியின் வாலுக்கடியில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. எடுத்துப் போடலாம் என்று பார்த்தால் அந்த அரிசி நகர்ந்தது. நான் விடுவேனா? “அண்ணி, உங்க ஊரு நாயி ரேஷன் அரிசி போடுது, வந்து பாருங்க!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அண்ணி ஓடிவந்து நாயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். முகம் சிவந்துவிட்டது.

அது அரிசி இல்லை, வயிற்றுப் பூச்சியின் துண்டு என்று சொல்லிக் கால்நடை டாக்டர் மாத்திரை கொடுத்தார். அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். அவள் நாயின் வாயைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் மாத்திரை கொடுக்கும் பதவி எனக்கு வந்தது. கொடுத்தேன். பூச்சி போனது. ஒன்றரை மாதத்தில் திரும்ப வந்தது.

இரண்டாவது தடவை டாக்டர் விவரமாகச் சொன்னார். நாய்மேல் தெள்ளுப்பூச்சி இருக்கிறது, அதைக் கடித்து விழுங்குவதால்தான் இந்தப் புழு மறுபடி மறுபடி வருகிறது, மாத்திரையும் கொடுக்க வேண்டும், தெள்ளையும் ஒழிக்க வேண்டும் என்றார். அண்ணி அன்றைக்கே வேலையில் இறங்கினாள். புஜ்ஜி படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாள். கையில் பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு, பேன் சீப்பால் வாரி வாரித் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். வீட்டு மூலையெல்லாம் பெருக்கினாள். மாத்திரையை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றுப் புழு எப்படி இருக்கும் என்று டீச்சர் போர்டில் படம் போட்டார். படம் எதற்கு, நிஜமே கைவசம் இருக்கிறதே? மறுநாள் இருமல் மருந்துச் சீசாவில் இரண்டு அரிசியைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்காரும் என் கூட்டாளி சீசாவைத் தூக்கிப் பிடிக்க, நான் விளக்கம் சொன்னேன். பெண்கள் அலறிய அலறலில் ஹெட்மாஸ்டரே எட்டிப் பார்த்தார். அதுவரை என் பேர்கூடத் தெரியாதவர்களெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். படிப்பில் எனக்குக் கிடைக்காத மரியாதையை அந்தப் புழு வாங்கிக் கொடுத்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த மாத்திரையை நான் நன்றாக மென்று தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புழு புஜ்ஜிக்கு இருந்தால் போதும், எனக்கு வேண்டாம்.

“மாத்திர குடுத்தியா தம்பி?”

“குடுத்துட்டேன் அண்ணி. வாழப்பழத்துல வெச்சேன், லபக்குன்னு முழுங்கிடுச்சு.”

பழத்தை முழுங்கியது நான். மாத்திரை ஜாமெட்ரி பாக்ஸுக்குப் போனது.

பூச்சி போகவில்லை. அண்ணிக்குப் புரியவில்லை. சாக்கை இன்னும் அதிகம் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். “நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்போல” என்று என்னிடமே சொன்னாள். மூன்றாவது தடவையும் டாக்டரிடம் போய் வந்தாள். அந்த மாத்திரையும் பாக்ஸுக்குள் போனது.

அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். “பிஸ்கோத்து போட்டுப் போட்டு நாயக் கெடுத்து வெச்சிக்கிறா. இன்னோரு வாட்டி பூச்சி கண்ணுல பட்டுச்சு, இந்த ஊட்ல நாயி இருக்காது. பொறக்கப்போற கொயந்தைக்கு ஒட்டிக்கினா யாரு பதில் சொல்றது?”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினான். அண்ணி பிஸ்கட் போடுவதையும் நிறுத்தினாள். அம்மாவின் மிரட்டல் என் காதில் விழாமல் இல்லை. ஆனால் என்னையும் வீட்டைவிட்டுத் துரத்துவதாக அம்மா வாரம் இரண்டு முறை சொல்வாள், நான் போயா விட்டேன்? தவிர, வெள்ளிக்கிழமை பி செக்‌ஷன்காரர்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முடியட்டும், மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமையே அம்மா பூச்சியைப் பார்த்துவிட்டாள்.

அண்ணனுக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை, அந்த வாரம் காலை ஷிப்ட். வெள்ளிக்கிழமை விடியும்போது அதே ஒயர் கூடையை வண்டியில் மாட்டினான். அண்ணி துவைத்துக் காயவைத்த சாக்கை மடித்து உள்ளே வைத்து, அதன்மேல் புஜ்ஜியை வைத்தாள். சாக்கில் ஒரு தெள்ளுகூட இருந்திருக்காது.

“எங்க உடுவீங்க?” என்று அண்ணி கேட்டாள்.

“கேட்ல வாட்ச்மேன் பாத்துக்கறேன்னாரு. நீ போ, போய்ப் படு.”

இப்போது அதே பேட்டையில்தான் நானும் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கேட்டிலும் நாய் இருக்கிறது. வெள்ளை முடி நாயைப் பார்த்ததாக எந்த வாட்ச்மேனும் சொன்னதில்லை. அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி செக்கப் தேதியைக் குறித்து வைக்கப் பேனா தேடினாள். என் பாக்ஸைத் திறந்தாள். உடைந்த காம்பஸ், ரப்பர் துண்டு, அதனடியில் இரண்டு மாத்திரை. அவளே டாக்டரிடம் வாங்கி வந்தது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

“அது தலவலி மாத்திர அண்ணி” என்றேன்.

அவள் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அம்மா இருந்தாள். அண்ணன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அண்ணி பாக்ஸை மூடி, என் பைக்குள் வைத்து, “பேனா எங்க வெச்ச?” என்று கேட்டாள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அண்ணிக்கு மாத்திரை அடையாளம் தெரியவில்லை, என்ன இருந்தாலும் பத்தாவது ஃபெயில்தானே என்று எனக்குள் சிரித்தும் கொண்டேன்.

அதற்கு முன்னால் எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவாள். கடைக்கு, ரேஷனுக்கு, ஊரிலிருக்கும் அவள் அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியதை பஸ் கண்டக்டரிடம் சேர்ப்பதற்கு. அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வயிறு முன்னால் தள்ள, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளே கடைக்கு நடந்தாள். ஒருமுறை அம்மா பார்த்துவிட்டு, “அவன அனுப்பேன், சும்மாதான திரியறான்” என்றாள்.

“வேணாம் அத்த, நானே போயிக்கிறேன்.”

அண்ணிக்கு என்மேல் எவ்வளவு பாசம், விளையாடுகிற பையனைத் தொந்தரவு செய்ய மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வருசம் பூரா சந்தோஷமாகக் கிரிக்கெட் விளையாடினேன்.

இவ்வளவையும் போனில் எழுதி, அன்று சீசாவைத் தூக்கிப் பிடித்த கூட்டாளிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். படித்துச் சிரிப்பான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது:

“இத எனக்கு இன்னாத்துக்குடா அனுப்பிச்ச, அண்ணிக்கு அனுப்பு.”